26 தொட்டி, ஒரு கோடை: பூக்க வேண்டிய செடிகள் ஏன் செத்தன

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். போன கோடைக்காக 26 தொட்டி போட்டேன். ஜினியா 8, நித்தியகல்யாணி 6, செண்டுமல்லி 5, டேபிள் ரோஸ் 4, வாடாமல்லி 3. விதைத்ததிலிருந்து பத்தாவது வாரம் எண்ணிப் பார்த்தபோது நித்தியகல்யாணியில் நான்கு போயிருந்தன. ஜினியாவில் மூன்று போய், மிச்சம் இருந்த ஐந்தும் இலையெல்லாம் மாவு தூவினது மாதிரி வெள்ளையாக நின்றன. செண்டுமல்லி இடுப்பு உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று வளர்ந்து, ஒரு மொட்டு கூட இல்லாமல் இருந்தது. டேபிள் ரோஸும் வாடாமல்லியும் மட்டும் பக்கத்தில் எதுவுமே நடக்காதது போலப் பூத்துக்கொண்டிருந்தன.

வெயில் அதிகம், அதான் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் இந்த ஐந்துமே வெயில் காலத்துச் செடிகள், வெயில் தாங்கும் என்பதற்காகவே பார்த்துப் பார்த்து வைத்தவை. நித்தியகல்யாணியின் பூர்வீகம் மடகாஸ்கர். ஜினியாவும் செண்டுமல்லியும் மெக்சிகோ பக்கத்துச் செடிகள். டேபிள் ரோஸ் தென் அமெரிக்காவின் வறண்ட மணல் பூமியிலிருந்து வந்தது. வெயிலில் பிறந்து வளர்ந்தவை வெயிலால் செத்தன என்பது எனக்கு ஒட்டவில்லை. அதோடு, வேலியோரம் மண்ணில் தானாக முளைத்த இரண்டு ஜினியா இருந்தன, முந்தின வருடத்துப் பூ உதிர்ந்து வந்தவை. அவற்றை யாரும் கவனித்ததே இல்லை. தொட்டியில் நான் சீராட்டி வளர்த்தது சாகும்போது அந்த இரண்டும் தலைக்கு எட்டு, பத்துப் பூ வைத்துக்கொண்டு நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் நோட்டும் பேனாவும் எடுத்தேன்.

இடமும் தொட்டியும்

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தளம், அதன் ஒரு பக்கம் மேற்கு வெயிலை நேராக வாங்கும் சுவர். தொட்டிகள் அந்தச் சுவரை ஒட்டி இரண்டு வரிசையாக இருந்தன. 22 செடிகள் பத்து அங்குலக் கறுப்புப் பைகளில், பாக்கி நான்கு மண் தொட்டியில். மண் தொட்டியில் இருந்தவை இரண்டு நித்தியகல்யாணி, இரண்டு டேபிள் ரோஸ். இந்த விவரத்தை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை, கைக்குக் கிடைத்த தொட்டியில் வைத்தேன், அவ்வளவுதான். கலவை பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு, மீதி மண்ணும் மண்புழு உரமும். பை தூக்க லேசாக இருக்கட்டும் என்று நார்க்கழிவைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருந்தேன்.

ஏழாவது வாரம் ஜினியாவில் முதல் பூ வந்தது. எட்டாவது வாரம் வெயில் ஏறியது. மதியம் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் ஜினியா தலையைத் தொங்கப் போட்டுவிடும், நித்தியகல்யாணி இலையை மேல்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

நான் செய்த மூன்று வைத்தியம்

சாயங்காலத் தண்ணீரை ஒரு தொட்டிக்கு ஒரு லிட்டராக உயர்த்தினேன். தளம் முழுக்க நிழல்வலை கட்டினேன், பாதி வெயிலை மறைக்கிற பச்சை வலை. அப்புறம், வாடின செடிக்குத் தெம்பு வேண்டும் என்று தழைச்சத்து தூக்கலாக இருக்கிற உரத்தைக் கரைத்து வாரம் ஒரு முறை ஊற்றினேன். மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தேன். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். ஒன்றைச் செய்து ஒரு வாரம் பொறுத்திருந்தால் பாதி ஆராய்ச்சி மிச்சமாகியிருக்கும்.

அடுத்த பத்து நாளில் முதல் நித்தியகல்யாணி போனது. முந்தின நாள் பூவோடு நின்ற செடி, மறுநாள் வெந்நீர் ஊற்றினது மாதிரி துவண்டு கிடந்தது. இரண்டு நாள் கழித்து அடுத்தது. எல்லாமே கறுப்புப் பையில் இருந்தவை.

பிடுங்கிப் பார்த்தபோது

செத்த செடியை அப்படியே குப்பையில் போடுவதுதான் என் வழக்கம். இந்த முறை பையைக் கிழித்து வேரைப் பார்த்தேன். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், இழுத்தால் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். இது பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் வேரின் மேல்தோல் மட்டும் உறை கழன்று வருவது போலக் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் பாக்கி. தேங்கின சாக்கடை வாசம் வேறு. வேரழுகல்தான், இதில் சந்தேகமே வேண்டாம். நித்தியகல்யாணிக்கு இது பேர்போன வியாதி. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், காலடியில் ஈரம் நின்றால் தாங்காது. அழுகின வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். வாடுகிறதே என்று நாம் மேலும் தண்ணீர் ஊற்றுவோம்.

சரி, தண்ணீர் அதிகமாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் குறைத்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டேன். அதோடு நின்றிருந்தால் மிச்ச ஜினியாவையும் கொன்றிருப்பேன். நல்லவேளையாக, அன்றைக்கே செத்துக்கொண்டிருந்த ஒரு ஜினியாவையும் கையோடு கவிழ்த்துப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஒரு லிட்டர் ஊற்றிய பை. அடியில் வைத்த தட்டில் தண்ணீர் இன்னும் நின்றது. ஆனால் பையைக் கவிழ்த்ததும் உள்ளே இருந்து வந்த வேர்க்கட்டி, ஓரங்களில் மட்டும் ஈரமாக, நடுவில் கையால் நசுக்கினால் தூள் பறக்கும் அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

நார்க்கழிவு அதிகமான கலவை ஒரு தடவை முழுசாகக் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் பைக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி விழும். அதற்கு மேல் வேகமாக ஊற்றுகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, அந்தச் சந்து வழியாக வழுக்கிக்கொண்டு போய் அடி ஓட்டையில் வெளியேறிவிடும். தட்டில் தண்ணீரைப் பார்த்து நாம் திருப்தியாகப் போய்விடுவோம். செத்த மூன்று ஜினியாவில் இரண்டு இப்படித் தாகத்தில் போனவை, ஒன்று அழுகிப் போனது. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் வாடியிருந்தன, ஒரே வரிசையில், அடுத்தடுத்து.

காலை ஆறு மணி நோட்டு

மதியம் வாடுவதை வைத்து எதுவும் தெரியாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. உச்சி வெயிலில் இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, மண்ணில் போதுமான ஈரம் இருந்தாலும் கூட. அப்போது இலையைத் தொங்கவிடுவதும் சுருட்டுவதும் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ள உதவும். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். வேலியோரத்து ஜினியாவும் மதியம் வாடத்தான் செய்தது, யாரும் பார்க்காததால் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை, அது பிழைத்தது.

ஆகவே பத்து நாள், காலை ஆறு மணிக்கு மட்டும் பார்த்து எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ராத்திரி முழுக்க வேர் தண்ணீரை ஏற்றி முடித்திருக்கும் நேரம் அது. அப்போதும் வாடியிருந்தால் ஏதோ நிஜமாகவே கோளாறு. அப்போது தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்து வாடியிருந்தால் அழுகல், லேசாக இருந்து வாடியிருந்தால் தாகம். விரலை விட்டுப் பார்ப்பதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பத்து அங்குலப் பையில் விரல் தொடுவது மேலே இரண்டு அங்குலம்தான். நான் ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி ஐந்து நிமிஷம் விட்டு உருவிப் பார்த்தேன். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று குச்சியிலேயே தெரியும்.

முதல் நான்கு நாள் குறிப்பில் ஒன்று இடித்தது. நான் வேண்டுமென்றே சாயங்காலத் தண்ணீரை நிறுத்திய தொட்டிகள் கூட மறுநாள் காலை கனமாக இருந்தன, குச்சி முழுக்க ஈரமாக வந்தது. மழையும் இல்லை. ஐந்தாம் நாள் மதியம் உள்ளே போகாமல் கதவோரம் நின்று பார்த்தேன். அப்பா குழாயோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, மதியம் தண்ணி ஊத்துறீங்களா?"

"பின்ன? வாடித் தொங்குதே. பாத்துட்டு எப்படிம்மா சும்மா போறது?"

"நான்தான் சாயங்காலம் ஊத்துறேனே!"

"நீ சாயங்காலம் ஊத்துறது சாயங்காலத்துக்கு. மதியத்துக்கு யார் ஊத்துறது?"

மூன்று வாரமாக நடந்திருக்கிறது. அவருக்கு நான் ஊற்றுவது தெரியும், எனக்கு அவர் ஊற்றுவது தெரியாது. பத்து லிட்டர் மண் பிடிக்கிற பைக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர். டேபிள் ரோஸுக்கு மட்டும் அவர் ஊற்றவில்லை, அது மதியத்தில்தான் ஜம்மென்று விரிந்து நிற்கும், வாடாது, அதனால் அவர் கண்ணில் படவில்லை. வாடாமல்லியும் பேருக்கேற்ற மாதிரி வாடாமல் தப்பித்தது. பிழைத்த செடிகள் எவை என்று பார்த்தால், இரக்கம் சம்பாதிக்காத செடிகள்.

இன்னொன்றும் அன்றைக்கே தெரிந்தது. தளத்தில் வெயிலில் சுருட்டிக் கிடக்கிற குழாயைத் திறந்ததும் முதலில் வருகிற தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தேன், வைக்க முடியவில்லை, சுட்டது. குழாய் நீளம் முழுக்கக் காய்ந்த வெந்நீர் அது. அவர் ஆரம்பிப்பது எப்போதும் வாசலுக்குப் பக்கத்துத் தொட்டியிலிருந்து. முதலில் செத்த நித்தியகல்யாணி அந்த இடத்தில் இருந்ததுதான்.

தொட்டிக்குள் எவ்வளவு சூடு

கம்பி மாதிரி நுனி உள்ள ஒரு சமையல் வெப்பமானி வீட்டில் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு, நிழலில் காற்று 38 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில், கறுப்புப் பையின் மேற்குப் பக்கம் இரண்டு அங்குலம் உள்ளே செருகினால் 47 காட்டியது. அதே வரிசையில் மண் தொட்டியில் 36. வேலியோர ஜினியாவின் காலடியில், உதிர்ந்த சருகை விலக்கிவிட்டுச் செருகினால் 31. ஒரே வெயில், பதினாறு டிகிரி வித்தியாசம்.

பெரும்பாலான செடிகளின் வேர் வளர்ச்சி மண் 38 டிகிரியைத் தாண்டினாலே தடுமாறும். 47இல் ஓரத்து வேர்கள் வெந்துபோகும். பையில் வளர்கிற செடிக்கு வேர் அதிகம் இருப்பதே அந்த ஓரத்தில்தான், சுவரைத் தொட்டு வட்டமடித்துக்கொண்டிருக்கும். அதோடு தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் இருப்பது 35 டிகிரியில் 7க்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வேருக்கு மூச்சும் அதிகம் தேவை. மண்ணின் சந்து எல்லாவற்றிலும் தண்ணீரை நிரப்பி, அதையும் சூடாக்கி வைத்தால் வேர் மூச்சுமுட்டிச் சாகிறது, அதற்குப் பிறகுதான் அழுகல் பூஞ்சைகள் உள்ளே வருகின்றன. மண் தொட்டி பிழைத்தது ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது. அதன் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும், ஆவியாகும்போது குளிரும். பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே வேலைதான்.

வெள்ளை மாவும் பூக்காத செண்டுமல்லியும்

ஜினியா இலையில் இருந்தது சாம்பல் நோய். பூஞ்சை என்றாலே ஈர இலையில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். இது அப்படியில்லை, இலை நனையாமலே முளைக்கும். காற்றோட்டம் இல்லாத நெருக்கம், நிழல், ராத்திரியில் ஈரக் காற்று, இது மூன்றும் போதும். நேரடி வெயிலும் கடும் சூடும்தான் அதற்குப் பிடிக்காது. நான் என்ன செய்தேன்? வெயிலை வலை போட்டு மறைத்தேன், சாயங்காலம் தளம் முழுக்கத் தண்ணீர் ஓட விட்டேன், எட்டுப் பையையும் ஒட்டி ஒட்டி வைத்தேன். கேட்டு வாங்கின வியாதி.

ஜினியாவுக்கு இது புதிதில்லை. 2015 கடைசியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வளர்த்த ஜினியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஈரம் மிகுந்து இலையில் பூஞ்சை வந்தது. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி கெட்ட இலைகளை வெட்டி, விசிறியின் வேகத்தைக் கூட்டினார். விசிறி கூடியதும் செடி காய ஆரம்பித்தது, ஆனால் பூமியிலிருந்து போட்ட அட்டவணைப்படி தண்ணீர் ஊற்றும் நாள் இன்னும் வரவில்லை. கடைசியில் அட்டவணையை ஓரம் வைத்துவிட்டு, செடியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கெல்லியிடம் விட்டார்கள், ஒரே ஒரு பக்கக் குறிப்பு மட்டும் அனுப்பினார்கள். 2016 ஜனவரியில் பூத்தது. முதலில் அழுகலுக்குப் பக்கம் போய், அப்புறம் வறட்சிக்குப் பக்கம் போய், பிறகு ஆள் பார்த்து ஊற்றியதும் தேறியது. என் தளத்தில் நடந்தது இதேதான், விண்கலம் மட்டும்தான் இல்லை.

செண்டுமல்லி விஷயம் சுருக்கமானது. தழைச்சத்து அதிகம், வெயில் பாதி. இலை போட எல்லாம் கொடுத்தேன், பூக்க வேண்டிய காரணம் எதையும் கொடுக்கவில்லை. இதோடு இலைக்கு அடியில் செஞ்சிலந்திப் பேன் வேறு. ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டினால் தூசு மாதிரி விழும், கொஞ்ச நேரம் பார்த்தால் தூசு நடக்கும். இலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மூன்று நாளுக்கு ஒரு தரம் கழுவியதில் அது அடங்கிவிட்டது, மருந்து தேவைப்படவில்லை.

என்ன மாற்றினோம்

முதலில் அப்பாவோடு ஒப்பந்தம். காலையில் ஒரு தரம் மட்டும், குச்சி பார்த்து, அவர்தான் ஊற்றுவார். நான் தொடவே மாட்டேன். குழாயை நிழலுக்கு மாற்றி, முதலில் வரும் சூட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டுத்தான் தொட்டிக்கு. மதியம் யாருக்கும் இரக்கம் வரக்கூடாது. இந்தக் கடைசி விதியை அவர் பலமுறை மீறினார்.

உள்ளே காய்ந்து போயிருந்த பைகளை வாளித் தண்ணீரில் முக்கி வைத்தோம். முக்கியதும் மண்ணிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று கிளம்பும், சத்தம் கூடக் கேட்கும். குமிழி நிற்க முப்பது, நாற்பது நிமிஷம் ஆனது. எடுத்து வடியவிட்டால் முன்பு ஒரு கையால் தூக்கிய பை இரண்டு கைக்கும் கனத்தது. அதற்குப் பிறகு, பைக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த சந்தில் மண்ணைப் போட்டு விரலால் அழுத்தி அடைத்தோம். மேலே இரண்டு அங்குலத்துக்குச் சருகு.

நிழல்வலையைக் கழற்றினேன், தூக்கிப் போடவில்லை. மேலே கூரை மாதிரி கட்டியிருந்ததை மேற்குப் பக்கம் திரைச்சீலை மாதிரி செங்குத்தாக, முழங்கால் உயரத்துக்குத் தொங்கவிட்டேன். செடிக்கு வெயில், பைக்கு நிழல். இந்த ஒரு மாற்றம்தான் அந்தக் கோடையில் நான் செய்த உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன். பைகளைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னே இழுத்து, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டு, மேற்கு விளிம்பில் வாடாமல்லியையும் டேபிள் ரோஸையும் காவலுக்கு நிறுத்தினேன். டேபிள் ரோஸ் தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், சூட்டில் அதற்குக் கொண்டாட்டம்தான்.

உரத்தை நிறுத்தியாகிவிட்டது. செண்டுமல்லியின் நுனிகளை எல்லாம் கிள்ளி எறிந்தேன், மனசு கேட்கவில்லைதான். ஜினியாவில் மாவு பிடித்த கீழ் இலைகளைக் கத்தரித்துக் குப்பைக்கு அனுப்பினேன்.

மறுபடி அதே மதியம் மூன்று மணிக்கு, ஏறக்குறைய அதே வெயிலில் அளந்தபோது பைக்குள் 37 இருந்தது. பிழைத்திருந்த 19 செடியில் அதன் பிறகு ஒன்று கூடச் சாகவில்லை. ஜினியா மூன்று வாரத்தில் புது இலை விட்டுப் பூவுக்கு வந்தது, பழைய இலையின் வெள்ளை மட்டும் கடைசிவரை போகவில்லை. செண்டுமல்லி ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. காலியான ஏழு பைகளில் மறுபடி ஜினியா போடலாம் என்று விதையை எடுத்தேன், அப்புறம் மனசு மாறி வேலியோர மண்ணிலேயே நேரடியாகப் போட்டுவிட்டேன். அழுகல் வந்த பைகளின் மண்ணைத் திரும்பத் தொட்டிக்குப் பயன்படுத்தவில்லை.

பூத்த பிறகு

செடி நோயில் கிடந்த வரை தினமும் நின்று பார்த்தேன். பூக்க ஆரம்பித்ததும் பார்ப்பதை விட்டுவிடுவேனோ என்று இருந்தது, நல்லவேளை விடவில்லை. ஆறு மணிப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

டேபிள் ரோஸைப் பத்துமணிப் பூ என்றும் சொல்வார்கள், வெயில் ஏறினால்தான் விரியும், மப்பு போட்ட நாளில் மூடியபடியே இருந்துவிடும். விரிந்த பூவின் நடுவில் இருக்கும் மகரந்தத் தாள் கொத்தை ஒரு துரும்பால் மெல்லத் தொட்டால் அவை தாமாக அசையும். தேனீ வந்து புரளும்போதும் இதே நடக்கிறது. முதல் தடவை நான் காற்று என்று நினைத்தேன், கையால் மறைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன், மறுபடி அசைந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வாடாமல்லியில் நாம் பூ என்று பார்க்கிற அந்த ஊதா உருண்டை பூவே இல்லை, பூவைச் சுற்றியிருக்கும் காகிதம் போன்ற செதில்கள். உருண்டைக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற கடுகளவு வெளிர் நிறப் புள்ளிகள்தான் பூ. செதில் முதலிலிருந்தே காய்ந்த மாதிரி இருப்பதால்தான் பறித்துத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் நிறம் மாதக்கணக்கில் நிற்கிறது. காகிதப்பூவும் இந்த ஏமாற்று வேலையைச் செய்வதுதான், அதற்குத் தண்ணீரைக் குறைத்தால் அள்ளிப் பூக்கும். ஜினியாவிலும் நாம் இதழ் என்று சொல்வது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுவில் வளையமாக மஞ்சள் நட்சத்திரங்கள் தெரியும், அவையும் பூக்கள். வண்ணத்துப்பூச்சி ஒரு ஜினியாவில் அத்தனை நேரம் உட்காருகிறது என்றால் அது அந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகக் குடித்துக்கொண்டு வருகிறது.

ஜாடிக்கு ஜினியா பறிப்பதாக இருந்தால் ஒரு சின்ன விஷயம். பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தலை தொளதொளவென்று ஆடினால் இன்னும் முற்றவில்லை, பறித்தால் அன்றைக்கே தொங்கிவிடும். காம்பு விறைப்பாகத் தலையோடு சேர்ந்து ஆடினால் வெட்டலாம். காலையில் வெட்டி, தண்ணீருக்குள் இருக்கும் இலைகளை உருவிவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் நிற்கும். வெட்டும்போது ஒரு ஜோடி இலைக்குச் சற்று மேலே வெட்டினால் அந்த இரண்டு கக்கத்திலிருந்தும் கிளை வரும், ஒன்று போய் இரண்டு. பறிக்க மனசில்லாமல் செடியிலேயே காயவிட்டால் அது விதை பிடிக்கப் போய்விடும், புதுப் பூ குறையும். பறிக்கிற வீட்டில்தான் ஜினியா அதிகம் பூக்கும்.

கடைசி நான்கு பூவை மட்டும் விதைக்காக விட்டேன். நன்றாகப் பழுப்பாகிக் காய்ந்த தலையை உதிர்த்தால் ஒவ்வொரு காய்ந்த இதழின் அடியிலும் அம்பு முனை மாதிரி ஒரு விதை ஒட்டிக்கொண்டிருக்கும். கலப்பின விதை வாங்கிப் போட்டவர்களுக்கு அடுத்த வருடம் அதே நிறம் வராது. எனக்கு வேலியோரத்தில் ஆரஞ்சு போட்ட இடத்தில் ஒரு வெளிறின ரோஸ் வந்தது, அது எனக்குப் பிடித்தும்விட்டது.

மண் தொட்டியில் பிழைத்த இரண்டு நித்தியகல்யாணியும் கோடை முடியும் வரை ஒரு நாள் கூடப் பூ இல்லாமல் இருக்கவில்லை. அவற்றின் விதை தெறித்துச் சுவருக்கும் சிமென்ட் தளத்துக்கும் நடுவே இருக்கிற விரிசலில் ஒன்று முளைத்திருக்கிறது. மண் இருக்கிறதா என்றே தெரியவில்லை, மேற்கு வெயில் முழுசாக அடிக்கிற இடம், இப்போது நான்கு பூவோடு நிற்கிறது. நேற்று மதியம் அப்பா அதன் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். கையில் சொம்பு.

"இல்ல, சும்மாதான் பாத்தேன்" என்றார்.